ஒரு தளபதியின் பெட்டிகள்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தெற்கின் குடும்பக் காகிதங்களைப் படிக்க முழுமையான வழிகாட்டி

மேட் விட்டேக்கர் ரேன்சம் 1826 அக்டோபர் 8 அன்று நார்த் கரோலினாவின் வாரன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தார். சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1847-இல் பட்டம் பெற்று வக்கீலானார். 1852-இல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது தலைமை அரசு வக்கீலாக, தேர்வானார். 1861–65 உள்நாட்டுப் போரில் கான்ஃபெடரேட் படையின், அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையின், பிரிகேடியர் ஜெனரல். 1872 முதல் 1895 வரை அமெரிக்க செனட்டர். அதன்பின் இரண்டு ஆண்டுகள் மெக்சிகோவில் அமெரிக்கத் தூதர். 1904-இல், பிறந்த அதே அக்டோபர் 8 அன்று இறந்தார். அவருடைய குடும்பக் காகிதங்களும் அரசியல் காகிதங்களும் அவர் படித்த அதே சேப்பல் ஹில்லில், வில்சன் நூலகத்தின் ‘தெற்கு வரலாற்றுத் தொகுப்பில்’ இருக்கின்றன. 1930-இல் நிறுவப்பட்ட அந்தத் தொகுப்பில் இவரைப் போன்ற எத்தனையோ வக்கீல்-அதிகாரிகளின் பெட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பெட்டியின் மேல் ஒருவர் பெயர்தான் இருக்கும். உள்ளே மனைவி, தம்பி, வழக்கு கொண்டுவந்த கட்சிக்காரர்கள், கடன்காரர்கள், வேலை கேட்டு எழுதியவர்கள் என்று ஒரு ஊரே இருக்கும். குடும்பப் பெயர் இல்லாமல் வெறும் ‘ஹாரியட்’, ‘ஐஷம்’, ‘லூயிஸ்’ என்று மட்டும் எழுதப்பட்ட அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களும் அதே காகிதங்களில் இருக்கிறார்கள். பலரும் தளபதியைத் தேடிப் போகிறார்கள். போர்க் கடிதங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தளபதியின் போர்ச் செய்திகள் வேறு பத்து இடங்களில் அச்சில் கிடைக்கும். ஹாரியட்டின் பெயர் உலகத்தில் இந்த ஒரே தாளில்தான் இருக்கக்கூடும். இந்த வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த நினைப்போடு எழுதப்பட்டது. ரேன்சம் இங்கே எடுத்துக்காட்டு. அதே காலத்து, அதே வகைக் குடும்பக் காகிதம் எதற்கும் இந்த முறை பொருந்தும்.

பெட்டியைத் திறக்கும் முன்: ஒரு பக்கக் காலவரிசை

முதல் வேலை வீட்டில் உட்கார்ந்து செய்வது. ஒரே ஒரு தாளில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: தேதி, இருந்த இடம், அப்போது அவரை எப்படி அழைத்தார்கள். ரேன்சமுக்கு அது ஏறத்தாழ இப்படி வரும். 1852–55 அட்டர்னி ஜெனரல். 1858–61 மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 1861 தொடக்கத்தில் அலபாமாவின் மான்ட்கோமரிக்கு நார்த் கரோலினா அனுப்பிய மூன்று சமாதானத் தூதர்களில் ஒருவர். 1861-இல் 1-ஆவது நார்த் கரோலினா படைப்பிரிவில் லெப்டினன்ட் கர்னல், 1862 வசந்தத்திலிருந்து 35-ஆவது படைப்பிரிவின் கர்னல், 1863 ஜூன் முதல் பிரிகேடியர் ஜெனரல். மே 1864-இல் ட்ரூரிஸ் பிளஃப்பில் காயம். 1865 ஏப்ரல் 9 அப்போமாடக்ஸில் சரண். 1872 ஜனவரி செனட்.

மூன்றாவது பத்தி எதற்கு? தேதி இல்லாத கடிதத்தில் ‘கர்னல் ரேன்சம்’ என்று விலாசம் இருந்தால் காலம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் சுருங்கிவிடும். ‘ஜெனரல்’ என்பது அந்த அளவுக்கு உதவாது. போர் முடிந்த பிறகும் சாகும்வரை அவரை எல்லோரும் ஜெனரல் என்றே அழைத்தார்கள்.

இங்கேயே ஒரு பெரிய குழி இருக்கிறது. மேட்டின் தம்பி ராபர்ட் ரேன்சமும் ஜெனரல்தான். அவர் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் மேஜர் ஜெனரல் ஆனவர். பல படைப்பிரிவுகள் சேர்ந்தது ஒரு பிரிகேட். ‘ரேன்சம் பிரிகேட்’ என்றால் 1863 வசந்தம் வரை அது ராபர்ட்டின் படை. ஜூனுக்குப் பிறகு அதே படை அண்ணன் கையில். 24, 25, 35, 49, 56-ஆவது நார்த் கரோலினா படைப்பிரிவுகள் அதில் இருந்தன. போதாததற்கு எதிர்ப்பக்கத்திலும், வடக்கின் ஒன்றியப் படையில், தாமஸ் ரேன்சம் என்று ஒரு ஜெனரல். அவர் 1864 அக்டோபரில் இறந்தார். தேதி பார்க்காமல் ‘ஜெனரல் ரேன்சம் சொன்னார்’ என்று குறித்துக்கொண்டால் மூன்று பேரின் வாழ்க்கையைக் கலந்துவிடுவீர்கள். தென் மாநிலக் குடும்பங்களில் அண்ணன் தம்பி, மாமன் மருமகன் எல்லோருக்கும் இரண்டு மூன்று பெயர்களே சுற்றிச் சுற்றி வருவதால் இந்தத் தவறு எல்லாத் தொகுப்பிலும் நடக்கிறது. காலவரிசைத் தாளின் பின்பக்கம் ஒரு குடும்ப மரம் வரைந்துவிடுங்கள். மனைவி மார்த்தா எக்ஸம் குடும்பத்தையும் சேர்த்தே வரையுங்கள். நார்த்தாம்ப்டன் கவுண்டியில் ‘வெரோனா’ என்ற பெயருள்ள தோட்டத்தில்தான் அவர்கள் வாழ்ந்தார்கள்.

விவரப் பட்டியலைப் படிக்கும் விதம்

காப்பகம் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு விவரப் பட்டியல் வைத்திருக்கும். பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். அளவு ‘நேரியல் அடி’ கணக்கில் இருக்கும். ஓர் அடி என்பது அலமாரியில் 30 செ.மீ. நீளம். வழக்கமான சாம்பல் நிறப் பெட்டி ஒன்று 12 செ.மீ. சொச்சம் அகலம். ஆக ஓர் அடிக்கு இரண்டரைப் பெட்டி என்று கணக்குப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் வேண்டும் என்று திட்டமிடுங்கள். சில பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கும். முன்கூட்டியே கேட்டால்தான் வரும். பயணச் சீட்டு வாங்கும் முன் இதைக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் ஏற்றப்பட்ட பகுதி எது, ஏற்றப்படாதது எது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

பழைய பட்டியல்களில் தேடும்போது அந்தக் காலச் சொற்களைக்கொண்டே தேட வேண்டும். பட்டியல் எழுதியவர்கள் ‘அடிமைப்படுத்தப்பட்டோர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ‘சர்வன்ட்ஸ்’, ‘ஹேண்ட்ஸ்’, ‘நீக்ரோஸ்’, ‘பிளான்டேஷன் அக்கவுன்ட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள். சில பட்டியல்களில் ஒன்றுமே இருக்காது; ‘நிதி மற்றும் சட்டக் காகிதங்கள்’ என்ற பொதுத் தலைப்புக்குள் எல்லாம் புதைந்திருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சட்டக் காகிதங்கள்தான். போர்க் கடிதங்கள் இரண்டாவது. ‘தேதியற்றவை’ என்ற கோப்பு கடைசி; கையெழுத்துகள் பழகிய பிறகு அதைத் திறந்தால் பாதியை நீங்களே தேதிப்படுத்திவிடுவீர்கள்.

இன்னொன்றை மறக்கக் கூடாது. ஒருவர் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள். அவர் எழுதியவை மற்றவர் வீட்டுக்குப் போய்விட்டன. மனைவிக்கு எழுதியவை மட்டும் வீட்டிலேயே தங்கும். அரசியல் கடிதங்களில் அவர் சொன்ன பதில் வேண்டுமென்றால் எழுதியவர்களின் தொகுப்பைத் தேடிப்போக வேண்டும். ரேன்சம் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆளுநராகவும் பிறகு அவருடன் செனட்டராகவும் இருந்த ஜெபுலன் வான்ஸின் காகிதங்கள். விதிவிலக்கு, நகல் புத்தகம். மெல்லிய ஈரத்தாளைக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்தி மை ஒற்றி எடுத்த புத்தகம் அது. எழுத்து தாளின் பின்புறம் ஊறி முன்புறம் தெரியும். ஒரு பக்கத்தின் அடியில் வெள்ளைத் தாள் செருகினால்தான் படிக்க முடியும்; செருகும் முன் காப்பகப் பணியாளரிடம் கேளுங்கள்.

வாசிப்பு அறையில்

பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் மேசையில். உள்ளே இருக்கும் வரிசையை, அது தவறாகத் தோன்றினாலும், மாற்றக் கூடாது; தவறென்று பட்டால் பணியாளரிடம் சொல்லுங்கள். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த உலர்ந்த கை போதும். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாமல் கிழிந்துவிடும். கையுறை புகைப்படங்களுக்குத்தான்.

படமெடுக்கும்போது முதல் படம் கோப்பின் பெயர்ச்சீட்டாக இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு தாளின் முன்பக்கம், பின்பக்கம், உறையின் இரு பக்கம். பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள். அந்தக் காலத்தில் தாளை மூன்றாக நான்காக மடித்து, மேலே தெரியும் பட்டையில் யாரிடமிருந்து, எந்தத் தேதி, என்ன விஷயம் என்று ஒரு வரி எழுதி அடுக்கி வைப்பார்கள். வக்கீல்களுக்கு இது அன்றாடப் பழக்கம். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் இந்தப் பட்டையில் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ‘பின்பக்கம் எடுத்திருக்கலாமே’ என்று வருந்துவதே எல்லோருக்கும் நேர்வது.

தாளே ஒரு சாட்சி

1845 ஜூலைக்கு முன் அமெரிக்கத் தபால் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதினார்கள். அரக்கு உடைத்த இடத்தில் தாள் கிழிந்து ஒரு சொல் போயிருக்கும். அந்தத் துண்டு எதிர் ஓரத்தில் அரக்கோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, எழுதி முடித்த தாளைக் குறுக்கே திருப்பி அதன் மேலேயே மறுபடி எழுதுவதும் உண்டு. முதல் பார்வைக்கு வலை போலத் தெரியும். படிக்கும் வழி எளிது. படத்தைத் திரையில் ஒரு திசையில் வைத்து, ஒரு வரி மட்டும் தெரியும் அளவு வெட்டிய அட்டையை மேலே பிடித்து, முழுப் பக்கத்தையும் அந்தத் திசையிலேயே முடியுங்கள். பிறகு படத்தைத் திருப்புங்கள். இரண்டு திசையையும் மாறி மாறி படித்தால் கண் குழம்பும்.

போர்க்காலத்தில் தெற்கில் தாளுக்குப் பஞ்சம். வந்த உறையைப் பிரித்து உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து மறுபடி அனுப்பினார்கள். பேரேட்டுத் தாளிலும் சுவர்த்தாளிலும் உறை செய்தார்கள். அப்படிப்பட்ட உறையின் உள்ளே இன்னொரு விலாசம் இருக்கும். கான்ஃபெடரேட் தபால் 1861 ஜூன் முதல் 500 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1862 ஜூலை 1 முதல் எங்கும் 10 சென்ட். ஆகவே பக்கத்து ஊருக்குப் போன கடிதத்தில் 5 சென்ட் மட்டும் இருந்தால் அது 1862 கோடைக்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம்.

மை பழுப்பாக இருக்கும். எழுதியபோது கறுப்பு, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை அப்படித்தான் நிறம் மாறும். அதில் உள்ள அமிலம் தாளைத் தின்று, எழுத்தின் நடுப்பகுதியில் ஓட்டை விழச் செய்யும். அப்படிப்பட்ட தாளைத் தூக்காதீர்கள். அடியில் அட்டை கொடுத்து நகர்த்துங்கள். வீட்டில் இத்தகைய காகிதம் வைத்திருப்பவர் மடிப்பை நீக்க நீராவி காட்டினால் அமிலம் தாளுக்குள் பரவும். பசை நாடா ஒட்டுவது அதைவிடக் கேடு. 1870-க்குப் பிந்தைய தாள் மரக்கூழில் செய்ததாக இருந்தால், 1840-களின் கந்தல் துணித் தாளைவிட வேகமாக நொறுங்கும். பழையது வலுவாகவும் புதியது பொடியாகவும் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கையெழுத்தும் சுருக்கங்களும்

ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் ஓர் எழுத்துச் சீட்டு தயாரியுங்கள். ஐயமில்லாமல் படிக்க முடிந்த சொற்களிலிருந்து அவருடைய பெரிய எழுத்துகளை வெட்டி ஒட்டுங்கள். ‘எல்’, ‘எஸ்’, ‘டி’ மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்றேதான். சொல்லின் நடுவே இரட்டை ‘எஸ்’ வந்தால் முதல் எழுத்தை நீட்டி ‘எஃப்’ அல்லது ‘பி’ போலச் சுழிப்பார்கள். ‘மிஸ்’ என்பது ‘மிப்ஸ்’ போலத் தெரிவது இதனால். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிக்கும் மென்பொருள் முதல் வரைவுக்கு நல்ல உதவி. ஆனால் அது தடுமாறுவது பெயர்களில்தான், நமக்கு வேண்டியதும் பெயர்கள்தான். பெயர் வரும் வரியைக் கண்ணால் சரிபார்க்காமல் ஏற்காதீர்கள்.

தேதிச் சுருக்கங்களில் மூன்று முக்கியம். ‘இன்ஸ்ட்.’ என்றால் இந்த மாதம், ‘அல்ட்.’ சென்ற மாதம், ‘ப்ராக்ஸ்.’ வரும் மாதம். பிப்ரவரி 3 தேதியிட்ட கடிதத்தில் ‘28 அல்ட்.’ என்றால் ஜனவரி 28. கணக்குகளில் ‘டோ.’ என்று வருவது ‘டிட்டோ’, நம் பழைய பத்திரங்களில் ௸ என்று சுழிக்கும் அதே மேற்படி. பட்டியலில் ஒரு பெயருக்குக் கீழே ‘டோ.’ என்று இருந்தால் எந்தப் பத்திக்கு மேற்படி என்று நின்று பாருங்கள். விலைக்கு மேற்படியா, தோட்டத்தின் பெயருக்கு மேற்படியா என்பதில் ஒரு மனிதர் எங்கே வாழ்ந்தார் என்பதே மாறிவிடும்.

தேதி கண்டுபிடிப்பது

ஜனவரியில் எழுதிய கடிதங்களில் ஆண்டைச் சந்தேகப்படுங்கள். பழக்கத்தில் கை பழைய ஆண்டையே எழுதிவிடும். ‘ஜனவரி 1863’ என்று இருந்தும் செய்தி 1864-இன் செய்தியாக இருந்தால் செய்தியை நம்புங்கள்.

கிழமை மட்டும் உள்ள கடிதத்துக்கு நாட்காட்டி உதவும். ‘செவ்வாய், 12’ என்று மட்டும் ஒரு கடிதம் இருப்பதாகவும், உள்ளடக்கம் 1864 என்று சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் 12-ஆம் தேதி செவ்வாயாக வந்தது மூன்றே மாதங்களில்: ஜனவரி, ஏப்ரல், ஜூலை. காயத்தைப் பற்றி விசாரித்திருந்தால் ஜூலை. சோள விதைப்பைப் பற்றிப் பேசினால் ஏப்ரல். பன்றி அடித்து உப்புக்கண்டம் போட்ட செய்தி இருந்தால் ஜனவரி. இப்படி வந்த தேதியைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் குறியுங்கள். காரணம் எழுதாத ஊகம் அடுத்தவர் கையில் உண்மையாகிவிடும்.

வக்கீல் காகிதங்கள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

வக்கீலின் பெட்டியில் இருக்கும் பத்திரமெல்லாம் அவர் சொத்தல்ல. கட்சிக்காரர்கள் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன கடன் பத்திரங்கள், விற்பனைச் சீட்டுகள், சாட்சி வாக்குமூலங்கள் நிறைய இருக்கும். ஒரு பத்திரத்தில் அவர் பெயர் எங்கே வருகிறது என்று பாருங்கள்: தருபவரா, பெறுபவரா, பிணையா, சாட்சியா, வெறும் எழுதியவரா? பெயரே வராவிட்டால் அது வழக்கின் காகிதம். இதைப் பார்க்காமல் ஒருவர் வாங்கிய கடனையும் வாங்கிய மனிதர்களையும் வக்கீலின் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மூன்று வகைக் காகிதங்களைத் தனியாக எடுத்துவையுங்கள்.

ஒன்று, வாடகைப் பத்திரம். அடிமைப்படுத்தப்பட்டவர்களை ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். பத்திரம் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ ஒட்டி எழுதப்படும்; கெடு கிறிஸ்துமஸ். இன்னாருக்கு இவ்வளவு டாலர், இந்தப் பெயருள்ள ஆளுக்கு ஆண்டு வாடகை, உடுப்பு, காலணி, தொப்பி, போர்வை கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருக்கும். கைச்சீட்டு அளவுத் தாள்; கடன் சீட்டுக் கட்டுக்குள் கலந்து கிடக்கும். ஒருவரின் பெயர் மூன்று ஆண்டுச் சீட்டுகளில் மூன்று ஊர்களில் வந்தால், குடும்பத்தை விட்டு எத்தனை காலம் அவர் பிரிந்திருந்தார் என்பது அதில் இருக்கிறது.

இரண்டு, துணி-போர்வை விநியோகப் பட்டியலும் பிறப்புப் பட்டியலும். தாய் பெயருக்குப் பின் குழந்தைகள் வரிசையாக வரும். தந்தை பெயர் அரிதாகவே இருக்கும். குடும்ப உறவைச் சொல்லும் மிக நல்ல ஆதாரம் இதுதான்.

மூன்று, பாகப்பிரிவினை. நிலம் வைத்திருந்தவர் இறந்ததும் நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் மனிதர்களைப் பங்கு பங்காகப் பிரித்தார்கள். ‘பங்கு எண் 1’ என்ற தலைப்பின் கீழ் பெயர்களும் எதிரே டாலர் மதிப்பும். கைக்குழந்தை இருந்தால் ‘இன்னாரும் குழந்தையும்’ என்று ஒரே வரியில் ஒரே தொகை. குழந்தைக்குப் பெயர்கூட இருக்காது. முதியவருக்கு எதிரே சுழியம், சில சமயம் சுழியத்துக்கும் கீழே, ‘பராமரிப்புச் செலவு’ என்று கழித்த தொகை. பங்குகளின் கூட்டுத்தொகை சமமாக வராவிட்டால், கூடுதல் பங்கு பெற்றவர் குறைந்தவருக்கு இவ்வளவு டாலர் தர வேண்டும் என்று அடியில் ஒரு வரி. இந்தத் தாளைப் படிக்கும்போது கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதோடு நிற்காதீர்கள். இதற்கு முந்தைய போர்வைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, எந்தத் தாயும் எந்தப் பிள்ளையும் வெவ்வேறு பங்குக்குப் போனார்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகளை வரைந்த பிறகு, அதே ஆண்டில் வீட்டார் ஒருவருக்கொருவர் எழுதிய அன்பான கடிதங்களைப் படியுங்கள். ‘எங்கள் குடும்பம், வெள்ளையரும் கறுப்பரும், நலம்’ என்று எழுதும் வழக்கம் அக்காலத் தெற்கில் பரவலாக இருந்தது. அந்த வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பது பாகப்பிரிவினைத் தாளைப் பார்த்தவருக்கே தெரியும்.

முதற்பெயரிலிருந்து முழு மனிதருக்கு

பெயர்களைச் சேர்த்தாயிற்று. இனி அவர்களை, அடிமை முறை ஒழிந்த 1865-க்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். வரிசை இது:

1850, 1860 குடிக்கணக்கின் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்) அடிமை அட்டவணைகளை எடுங்கள். அவற்றில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும்; பெயர் இருக்காது. உங்கள் பட்டியலின் வயதுகளை அதில் பொருத்திப் பாருங்கள். வயதுகள் கண்மதிப்பு, இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருக்கும்.

அடுத்து 1866. அந்த ஆண்டு மார்ச்சில் நார்த் கரோலினா இயற்றிய சட்டப்படி, அடிமை முறையில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பல கவுண்டிகளின் பதிவேடுகள் பிழைத்திருக்கின்றன. கணவன் பெயர், மனைவி பெயர், எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று இருக்கும். குடும்பப் பெயர் முதன்முதலாகக் கிடைப்பது பெரும்பாலும் இங்கே.

பிறகு, அடிமை முறையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசு அமைப்பான விடுதலை பெற்றோர் அலுவலகத்தின் வேலை ஒப்பந்தங்கள். அவற்றின் நகல் தோட்ட உரிமையாளரின் பெட்டியிலும் இருக்கலாம். கீழே பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி; எழுதத் தெரியாதவர் போட்டது. பெயரை எழுதியது வேறு கை, அதனால் எழுத்துக்கூட்டல் அந்தக் கையுடையது.

அதன்பின் 1870 குடிக்கணக்கு. விடுதலை பெற்ற எல்லோரும் பெயரோடு பதிவான முதல் கணக்கு அது. நியூ பெர்ன், ராலே, வில்மிங்டன் ஊர்களில் கிளை வைத்திருந்த, 1874-இல் மூடப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் (விடுதலை பெற்றவர்களுக்கான சேமிப்பு வங்கி) பதிவுகளில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கூட உண்டு.

கவனம்: குடும்பப் பெயர் கடைசி உரிமையாளரின் பெயராகவே இருக்கும் என்று கொள்ளாதீர்கள். பலர் முந்தைய உரிமையாளரின் பெயரை, தந்தை வாழ்ந்த தோட்டத்தின் பெயரை, தாங்களே தேர்ந்த பெயரை வைத்துக்கொண்டார்கள். ‘ரேன்சம்’ என்று மட்டும் தேடினால் பாதிப் பேர் கிடைக்க மாட்டார்கள். முதற்பெயர்களின் கூட்டத்தைத் தேடுங்கள்: ஒரே வீட்டில் தாய், மூன்று பிள்ளைகள், வயது இறங்குவரிசை பொருந்துகிறதா என்று.

போர்க் கடிதங்கள்

இதற்கு அதிக இடம் வேண்டாம். 1880 முதல் 1901 வரை அரசு அச்சிட்ட போர் ஆவணங்கள் 128 புத்தகங்கள், இணையத்தில் இலவசம். படைவீரர் பணிக் கோப்புகள் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். தனிக் கடிதத்தில் தேட வேண்டியது அச்சில் வராதது: பசி, ஓடிப்போனவர்கள், தோட்டத்துக்கு அனுப்பிய உத்தரவு, முகாமில் சமைத்த அடிமையின் பெயர். பணத் தொகை வந்தால் தேதியோடு படியுங்கள். 1863 தொடக்கத்தில் ஒரு தங்க டாலர் ஏறத்தாழ 3 கான்ஃபெடரேட் டாலர். 1865 தொடக்கத்தில் 50-க்கும் மேல்.

1864 ஏப்ரல் 20 அன்று பிளிமத் நகரை கான்ஃபெடரேட் படை பிடித்தபோது கிழக்கிலிருந்து தாக்கியது ரேன்சமின் பிரிகேட். அங்கே கறுப்பினப் படைவீரர்களும் அடைக்கலம் புகுந்தவர்களும் கொல்லப்பட்டதாக அப்போதே சாட்சியங்கள் எழுந்தன. வெற்றியைப் பேசும் கடிதம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை, எதிர்ப்பக்க அறிக்கைகளோடு வைத்துத்தான் பார்க்க முடியும்.

மன்னிப்பு மனுவும் அரசியலும்

1865 மே 29 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், கான்ஃபெடரேட் பக்கம் நின்றவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். 14 வகையினருக்கு விலக்கு. கர்னலுக்கு மேற்பட்ட அதிகாரிகளும், 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்களும் தனியாக மனு போட வேண்டியிருந்தது. பிரிகேடியர் ஜெனரல் என்பதாலேயே ரேன்சம் போன்றவர்கள் இந்த வகையில் விழுந்தார்கள். குடும்பப் பெட்டியில் வரைவு இருக்கும், வாஷிங்டனில் மனு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, வரைவில் அடித்துவிட்ட சொற்களைப் பாருங்கள்.

செனட் காலத்துக் கடிதங்கள் மலைபோல் இருக்கும். 1913 வரை செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். எனவே பதவிக்காலம் முடிந்த 1877, 1883, 1889, 1895 மார்ச்சுகளுக்கு முந்தைய குளிர்காலக் கோப்புகளில்தான் பேரம் இருக்கும். வேலை கேட்டு வரும் கடிதங்கள் 1885 மார்ச்சுக்குப் பிறகு பெருகும் என்று எதிர்பாருங்கள்; ரேன்சமின் கட்சியான டெமாக்ரடிக் கட்சியிலிருந்து 1856-க்குப் பின் தேர்தலில் வென்ற முதல் அதிபராக குரோவர் கிளீவ்லண்ட் பதவியேற்ற மாதம் அது. ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்க வேண்டாம். எழுதியவர், ஊர், கேட்ட பதவி, சிபாரிசு செய்தவர் என்ற நான்கு பத்திகளில் போடுங்கள். 200 கடிதம் போட்டதும் எந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்பது தெளிவாகும்.

அதே காலத்தில் அதே மண்ணிலிருந்து வேறொருவர் வாஷிங்டன் போனார். வாரன் கவுண்டியில் 1840-இல் அடிமையாகப் பிறந்து, அலபாமாவுக்கு விற்கப்பட்டு, 1865-இல் திரும்பி வந்த ஜான் ஆடம்ஸ் ஹைமன். 1875 முதல் 1877 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். நார்த் கரோலினா அனுப்பிய முதல் கறுப்பின உறுப்பினர். அவருக்குப் பின் ஜேம்ஸ் ஒஹாரா, ஹென்றி சீத்தம், ஜார்ஜ் ஒயிட். வாரனும் நார்த்தாம்ப்டனும் அடங்கிய இரண்டாம் தொகுதியே இவர்களை அனுப்பியது. அந்தப் பகுதியிலிருந்து செனட்டருக்கு வந்த கடிதங்களில் இவர்கள் பெயர் எப்படி எழுதப்படுகிறது, பெயர் சொல்லாமல் எப்படிக் குறிக்கப்படுகிறார்கள் என்பதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.

பதிவு செய்வது

விரிதாளில் ஒரு மனிதருக்கு ஒரு வரி. பெயர் தாளில் உள்ளபடி, திருத்தாமல். அடுத்த பத்தியில் நீங்கள் கருதும் சரியான வடிவம். பிறகு வயது, உறவு, ஆவணத்தின் வகை, தேதி, பெட்டி எண், கோப்பு எண், பட எண். படியாத சொல்லுக்கு சதுர அடைப்பில் கேள்விக்குறி. ஊகித்து நிரப்பக் கூடாது. எழுதியவர் அறியப்பட்டு, இறந்து 70 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் வெளியிடப்படாத கடிதத்துக்கும் அமெரிக்கப் பதிப்புரிமை முடிந்திருக்கும். எழுதியவர் யாரென்றே தெரியாவிட்டால் எழுதப்பட்டு 120 ஆண்டு.

1870-இல் பொருந்தாமல் நின்றுபோன பெயர்களை நீக்காதீர்கள். முதற்பெயர், ஆண்டு, தோட்டம், கோப்பு எண் என்ற நான்கு விவரங்களோடு பட்டியலின் நகல் ஒன்றைக் காப்பகத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றைத் தேடக்கூடிய வடிவில் இணையத்தில் போடுங்கள். தம் பாட்டியின் பாட்டி பெயர் ஹாரியட், ஊர் நார்த்தாம்ப்டன் என்ற அளவுக்கு மட்டும் அறிந்த ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். அவரிடம் இருக்கும் குடும்பப் பெயரும் உங்களிடம் இருக்கும் கோப்பு எண்ணும் சேர்ந்தால் அந்த வரி நிரம்பிவிடும்.